800 எபிசோடில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

அக்கா மகன் ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து, அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினான். இரண்டாம் நாள் சாயங்காலம் தட்டுவடை செட்டை வாயில் அடைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, சிம்ப்சன்ஸ் எதுல இருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?"

சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைப் பற்றி இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருபது வருஷமாகக் காத்திருந்தவன் நான். கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவனிடம் வெள்ளி விலையைக் கேட்பார்கள், இதையா கேட்பார்கள்? ஆனால் கேட்டதும் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து, இருக்கிற வழிகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். அந்தத் தாள்தான் இந்தக் கட்டுரை.

பையனுக்கு அந்த மஞ்சள் குடும்பம் ரீல்ஸ் வழியாகத்தான் பழக்கம். நடக்கப் போவதை முன்கூட்டியே சொல்லும் கார்ட்டூன் என்று நம்பிக்கொண்டிருந்தான். டிரம்ப் ஜனாதிபதி ஆவார் என்று 2000-லேயே காட்டினார்களாமே என்றான். காட்டியது உண்மைதான். அந்த வருஷம் மார்ச்சில் வந்த எபிசோடில், வளர்ந்து ஜனாதிபதியாகிவிட்ட அந்த வீட்டு மகள் லிசா, டிரம்ப் விட்டுப்போன பட்ஜெட் பற்றாக்குறையைச் சொல்லி அலுத்துக்கொள்வாள். ஒரே ஒரு வரி. ஆனால் டிரம்ப் எஸ்கலேட்டரில் இறங்கி வரும் காட்சி, 2015-ல் அவர் நிஜமாகவே இறங்கி வந்த பிறகு வரைந்தது. ரீல்ஸ்காரர்கள் இரண்டையும் ஒட்டி ஒரே நாளில் வந்த மாதிரி ஓட்டுகிறார்கள். 800 கல் எறிந்தால் நாலு மாங்காய் விழாமலா போகும் என்றேன். சேலத்துக்காரனுக்கு இது புரியும்.

கல் கணக்கு சும்மா சொன்னதல்ல. அரைமணி நேரத் தொடராக முதல் எபிசோட் வந்தது 1989 டிசம்பர் 17. அதற்கும் முன்னால் 1987-லிருந்து டிரேசி உல்மன் நிகழ்ச்சியில் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. இன்னும் நிற்கவில்லை, 40-வது சீசன் வரைக்கும் 2025-லேயே உறுதி செய்துவிட்டார்கள். எபிசோட் எண்ணிக்கை 800-ஐ ஒட்டி நிற்கிறது. ஒன்றுக்கு 22 நிமிஷம் என்று வைத்தால் ஏறக்குறைய 293 மணி நேரம். தூங்காமல் சாப்பிடாமல் பார்த்தாலே பன்னிரண்டு நாள் ஆகும்.

பையன் கையில் இருந்தது காலேஜ் திறக்கும் வரை நாற்பது நாள். அதிலும் ஒரு சிக்கல். அக்கா வீடு ஏரியைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவே. சாயங்காலம் பனி இறங்கினால் சிக்னலும் அதோடு சேர்ந்து எங்கோ போய்விடும். எங்கள் வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்து எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. அவன் போனில் ஒரு தடவைக்கு இருபத்தைந்து எபிசோட்தான் கொள்ளும். தீர்ந்ததும் அடுத்த மூட்டைக்காக மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும். மே மாசத்தில், கோடை விழாக் கூட்டத்தில், அது சாமானியமில்லை. அதனால் 'முதலில் எதையாவது பாரு, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்ல முடியாத நிலை. முதல் மூட்டை சரியாக இருந்தாக வேண்டும்.

யாரிடம் கேட்டாலும் சொல்லும் முதல் வழி, முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்ப்பது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது போல நியாயமாகத்தான் தெரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். முதல் சீசனில் மொத்தமே 13 எபிசோட்தான், அரை மூட்டையில் முடிந்துவிடும். அதிலும் அந்த முதல் எபிசோடை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு, அப்பா ஹோமர் வேலை பார்க்கும் அணு மின் நிலையத்தில் போனஸ் கிடையாது என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் சேர்த்து வைத்த பணமும் மகன் பார்ட் கையில் குத்திக்கொண்ட பச்சையை அழிப்பதில் போய்விடுகிறது. ஹோமர் வீட்டில் விஷயத்தைச் சொல்லாமல், ஒரு கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு நிற்கிறார். அதில் கிடைத்த அற்பக் காசையும் நாய்ப் பந்தயத்தில் கட்டி, கடைசியாக ஓடிவந்த நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், தீபாவளிக்கு நாலு நாள் முன்பு போனஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். வீட்டுக்கு வந்து பட்டாசு கேட்ட தம்பியிடம் "நாளைக்கு வாங்கலாம்" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அந்த எபிசோடை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் முதல் சீசனில் தொடங்கச் சொல்ல மனசு வரவில்லை. படம் கரடுமுரடாக இருக்கும். முகம் ஒரு காட்சியில் ஒரு மாதிரி, அடுத்த காட்சியில் வேறு மாதிரி. மின் நிலைய முதலாளி பர்ன்ஸின் கைத்தடியான ஸ்மிதர்ஸ் முதல் தடவை வரும்போது கறுப்பாக இருப்பார், அப்புறம் மஞ்சளாகிவிடுவார். ஹோமரின் குரலும் வேறு. டான் காஸ்டலனெட்டா ஆரம்பத்தில் வால்டர் மத்தாவ் என்ற நடிகரைப் பார்த்துப் பேசிய குரல் அது. எல்லாவற்றுக்கும் மேலாக வேகம் குறைவு. ரீல்ஸ் பார்த்து வளர்ந்த பையன் மூன்றாவது எபிசோடில் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். பழைய ரசிகனுக்கு அது பூர்விக வீட்டைப் பார்க்கப் போவது மாதிரி. புதிதாக வருகிறவனைக் கூட்டிப்போய் இடிந்த திண்ணையைக் காட்டினால் அவனுக்கு என்ன தெரியும்?

இரண்டாவது வழி, அவனே கொண்டுவந்தது. 'தலைசிறந்த பத்து' என்று எங்கோ கிடைத்த பட்டியல். இதை அடிக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது, ஏனென்றால் பட்டியலில் இருந்த எல்லாமே நல்ல எபிசோடுகள். மோனோரயில் எபிசோட் இருந்தது. 1993 ஜனவரியில் வந்தது, எழுதியவர் கோனன் ஓ'பிரையன். அணுக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டியதற்காக பர்ன்ஸ் கட்டிய அபராதப் பணம் ஊருக்கு வருகிறது. ரோட்டைச் சரி செய்யலாம் என்று அம்மா மார்ஜ் சொல்கிறாள். ஊரே அதற்குத் தலையாட்டும் நேரத்தில் எங்கிருந்தோ ஒருவன் எழுந்து, பாட்டுப் பாடி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலை விற்றுவிடுகிறான். இதற்கு அமெரிக்கா பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். 2012 வாக்கில் நம் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் யாரையாவது தெரிந்திருந்தால் போதும். பெரிய பறவை, பெரிய முட்டை, மாசாமாசம் பணம். "ரோடு குண்டும் குழியுமா கிடக்கே" என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்கிறவரை யார் திரும்பிப் பார்த்தார்கள்? மோனோரயில் எபிசோடை யாருக்கு வேண்டுமானாலும், எந்த நாளில் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பட்டியலின் சிக்கல் எட்டாவது சீசனில் வந்த ஃபிராங்க் கிரைம்ஸ் எபிசோடில் இருந்தது. அதையும் பத்தில் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். கிரைம்ஸ் என்ற புது ஆள் மின் நிலையத்துக்கு வேலைக்கு வருகிறான். பிறந்ததிலிருந்து கஷ்டம். நேர்மையானவன், கடும் உழைப்பாளி, குடியிருப்பதோ மேலே ஒரு பவுலிங் அரங்கம், கீழே ஒரு பவுலிங் அரங்கம் என்று நடுவில். அவன் ஹோமரைப் பார்க்கிறான். வேலையில் தூக்கம், மண்டையில் ஒன்றுமில்லை, ஆனால் மாடி வீடு, இரண்டு கார், நல்ல மனைவி, விண்வெளிக்கே போய்வந்த போட்டோ. இது எப்படி நியாயம் என்று கேட்டுக் கேட்டே அவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. கடைசியில் செத்தும் போகிறான். எட்டு சீசன் ஹோமரோடு வாழ்ந்தவனுக்கு இது வயிற்றில் குத்து, ஏனென்றால் கிரைம்ஸ் சொல்வது அத்தனையும் சரி, நாமோ இவ்வளவு நாளும் ஹோமர் பக்கம் நின்று சிரித்திருக்கிறோம். ஹோமரை இரண்டு நாளாகத்தான் தெரியும் என்கிறவனுக்கு இது வெறும் வக்கிரம். கல்யாண வீட்டில் பந்தியில் பாயசத்தை முதலில் ஊற்றிவிட்டால் அப்புறம் ரசத்துக்கு நாக்கு இருக்காது. பட்டியல் போடுகிறவர்கள் இருபது வருஷம் பார்த்தவர்கள். தங்களுக்கு எது தெரியும் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

மூன்றாவது வழியாக, புது சீசன்களிலிருந்து பின்னோக்கிப் போவது. ரசிகர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டால் அடிக்க வருவார்கள். ஒன்பதாவது சீசனோடு எல்லாம் போச்சு என்பது அவர்கள் கட்சி. 1997 செப்டம்பரில், பள்ளித் தலைமை ஆசிரியர் ஸ்கின்னர் உண்மையில் ஸ்கின்னரே இல்லை, வேறு ஆளின் பெயரில் வாழ்கிறவர் என்று ஒரு எபிசோட் எடுத்தார்கள். ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரரே அதைக் குறை சொன்னவர். எனக்கும் அது பிடிக்காது. ஆனால் அதற்கப்புறம் வந்தது எல்லாமே குப்பை என்பது சோம்பேறிப் பேச்சு. 33-வது சீசனில், 2022 பிப்ரவரியில் வந்த ஒன்றில் ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் மாட்டிக்கொண்டு, போனும் டிவியும் இல்லாமல் ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பார்கள். அவ்வளவு நிதானமாக ஒரு எபிசோட் பழைய சீசன்களில்கூட அபூர்வம். (உடம்பில் துணி இல்லாமல் அலைவார்கள். அக்கா பக்கத்தில் இருக்கும்போது போட வேண்டாம் என்று பையனிடம் தனியாகச் சொல்லிவைத்தேன்.) படமும் பளிச்சென்று அகலத் திரைக்கு இருக்கும், 2009 பிப்ரவரியிலிருந்து அப்படி மாற்றிவிட்டார்கள்.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம்? குரல்தான் முதல் காரணம். மார்ஜுக்குப் பேசும் ஜூலி கவ்னர் 1987-லிருந்து அதே கரகரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது அந்தத் தொண்டையில் வயசு கேட்கிறது. மார்ஜுக்கு வயசாகவில்லை, ஆனால் அவள் குரலுக்கு ஆகிவிட்டது. முப்பது வருஷம் கூடவே வந்தவர்களுக்கு அதில் ஒரு பாசம் வரும். புதுப் பையனுக்கு 'ஏன் மாமா இந்தம்மா இப்படிப் பேசுறாங்க' என்று மட்டும்தான் தோன்றும். இரண்டாவது, புது எபிசோடுகள் பழையவற்றைப் பார்த்துப் பேசுகின்றன. 2024 செப்டம்பரில் 36-வது சீசனைத் தொடங்கும்போது, 'இதுதான் கடைசி எபிசோட்' என்று பாவனை செய்து ஒன்றை எடுத்தார்கள். எல்லாப் பாத்திரத்துக்கும் அவசர அவசரமாக ஒரு முடிவு கட்டுவார்கள். எதுவும் மாறாமல் இருப்பதுதான் இந்த ஊரின் விதி என்று தெரிந்தவனுக்கு அது விழுந்து விழுந்து சிரிக்க. தெரியாதவனுக்குப் பேந்தப் பேந்த விழிக்க.

2007-ல் வந்த சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம், சிரிக்கலாம், ஏரியில் பன்றிக் கழிவைக் கொட்டி ஊரையே நாறடிக்கும் ஹோமரை ஏரிக்கரைப் பையன் ரசிப்பான். ஆனால் திருவிழாவில் பார்த்த மனிதரை வைத்து அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று சொல்ல முடியுமா? 1990-லிருந்து வருஷாவருஷம் வரும் பேய்க்கதை எபிசோடுகளும் அதே மாதிரிதான். அதில் எல்லாரும் சாவார்கள், அடுத்த வாரம் உயிரோடு வருவார்கள். நடுவில் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருந்தது இரண்டாவது சீசனிலிருந்து எட்டாவது வரை, வரிசையாக. 22, 24, 22, 22, அப்புறம் மூன்று சீசனுக்கு 25 வீதம். கூட்டினால் 165. ஒரு நாளைக்கு நாலு என்றால் நாற்பது நாளில் 160. பாக்கி ஐந்தை ஏதாவது மழை நாளில் முடித்துவிடலாம். மொத்தம் அறுபது மணி நேரம் சொச்சம். பட்டறைக் கணக்கே எனக்கு இவ்வளவு சுத்தமாக டேலி ஆனதில்லை.

பெரும்பாலான ரசிகர்கள் மூன்றிலிருந்துதான் தொடங்கச் சொல்வார்கள். சிரிப்பு அங்கேதான் வேகம் எடுக்கிறது என்பார்கள், அது சரியும்கூட. நான் இரண்டைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம், அதன் முதல் எபிசோடே பரீட்சை பற்றியது. 1990 அக்டோபரில் வந்தது. பார்ட் ஃபெயிலாகப் போகிறான், அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டியிருக்கும். முந்தின ராத்திரி கட்டிலோரம் மண்டியிட்டு, நாளைக்கு மட்டும் பள்ளிக்கூடம் இருக்கக் கூடாது கடவுளே என்று வேண்டுகிறான். காலையில் ஊரே மூடும் அளவுக்குப் பனி கொட்டிக்கிடக்கிறது. கலெக்டர் லீவு விடுவாரா என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் டிவியில் கீழே ஓடுகிற எழுத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்காத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? லீவு கிடைத்த பார்ட் துள்ளிக்கொண்டு சறுக்கப் போகிறான். கேட்டது கிடைத்துவிட்டது, இப்போது படிக்க வேண்டியது உன் கடமை என்று தங்கச்சி லிசா வாசலில் மறிக்கிறாள். ஊர் மொத்தமும் வெளியில் பனியில் கும்மாளம் போடுகிறது. இவன் நிலவறையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, தன்னைத்தானே அறைந்துகொண்டு படிக்கிறான். படித்தும் ஒரு மார்க்கில் போய்விடுகிறது. அந்தப் பத்து வயசு வால் பையன் டீச்சர் முன்னால் உடைந்து அழுவான் பாருங்கள், சிரிக்க வந்த யாருக்கும் அதற்கப்புறம் பார்ட் வெறும் சேட்டைக்காரனாகத் தெரிய மாட்டான்.

எனக்கு வேண்டியது அதுதான். முதலில் இந்த வீட்டு ஆட்கள் மேல் ஒரு ஒட்டுதல் வர வேண்டும். ஒட்டுதல் வந்தபின் அவர்கள் என்ன கிறுக்குத்தனம் செய்தாலும் சிரிப்பு வரும். ஐந்தாவது சீசனில் சைட்ஷோ பாப் என்ற வில்லன், பார்ட்டைக் கொல்ல வந்தவன், தரையில் கிடக்கும் குப்பை வாரியின் மேல் கால் வைப்பான். கம்பு எழும்பி முகத்தில் அறையும். ஒரு உறுமல். திரும்புவான், இன்னொன்று. மறுபடி அறை, மறுபடி உறுமல். எண்ணிப் பார்த்தால் ஒன்பது தடவை. எபிசோட் நேரம் குறைந்துபோனதால் இழுத்து நிரப்பிய காட்சி என்று எடுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதல் மூன்றுக்குச் சிரிப்பு வரும், நாலு ஐந்தில் போதும் என்று இருக்கும், ஏழாவதில் ஏன் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் கண்ணில் தண்ணீர் வரும். அதே ஆட்கள்தான் அடுத்த சீசனில், 1995 ஜனவரியில், குட்டிப்பாப்பா மேகி பிறந்த கதையைச் சொல்கிறார்கள். வெறுத்த வேலையை உதறிவிட்டு, பிடித்த பவுலிங் அரங்க வேலைக்குப் போன ஹோமர், மூன்றாவது பிள்ளை வருகிறது என்று தெரிந்ததும் அதே பர்ன்ஸிடம் தவழ்ந்து போய் நிற்க வேண்டியிருக்கிறது. 'மறந்துவிடாதே, கடைசி வரைக்கும் உனக்கு இங்கேதான்' என்று அவர் மேஜை எதிரே பலகை மாட்டிவைக்கிறார் பர்ன்ஸ். ஹோமர் அதன் மேல் மேகியின் போட்டோக்களை அங்கங்கே ஒட்டி எழுத்துகளை மறைக்கிறார். ஆங்கிலத்தில் மறையாமல் மிஞ்சும் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், 'அவளுக்காகச் செய்' என்று வரும். பட்டறையில் என் மேஜைக்கு எதிரே இருக்கும் இரும்பு பீரோவில் என் மகளின் மூன்று படம் ஒட்டியிருக்கிறது. யோசனை எங்கிருந்து வந்தது என்று முதலாளிக்குத் தெரியாது.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. நான் இந்த வரிசையில் பார்க்கவே இல்லை. எனக்குப் பதிமூன்று வயசு இருக்கும்போது, கேபிளில் ஸ்டார் வேர்ல்டில், எந்த சீசன் எந்த எபிசோட் என்று ஒன்றும் தெரியாமல், ஆங்கிலம் பாதி புரிந்து பாதி புரியாமல் பார்த்தது. கரண்ட் போனால் முடிவு தெரியாது. ரசிகர்கள் மட்டம் என்று ஒதுக்கும் எபிசோடுகள்தான் அதில் பாதி, எனக்கோ எல்லாம் அமிர்தம். அப்போது பார்ட்டைவிட எனக்கு மூன்று வயசு அதிகம். இப்போது ஹோமர் வயசு. ஹோமருக்கு முப்பத்தாறு, முப்பத்தொன்பது என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள். எதைப் பிடித்தாலும் நான் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆக, வழி தவறினால் எதுவும் கெட்டுப்போகாது என்பதற்கு நானே சாட்சி. ஆனால் எனக்குத் தெரிவு இல்லை, இவனுக்கு இருக்கிறது. இருக்கும்போது எதற்கு அவனைக் காட்டுவழியில் விட வேண்டும்?

அப்பு விஷயத்தையும் சொல்லித்தான் அனுப்பினேன். தொடரில் வரும் இந்தியக் கடைக்கார அப்புவை முதன்முதலில் டிவியில் பார்த்தபோது எங்கள் அப்பா, "இது யார்றா, நம்ம ஆளா?" என்றார். நாக்கில் நிற்காத ஒரு பெயர், இந்தியாவில் யாருமே பேசாத ஒரு உச்சரிப்பு. குரல் கொடுத்தது ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரர். இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-ல் இதைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்தார். 2020-ல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார். சேலத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது வலித்ததில்லை. அமெரிக்காவில் அந்தக் குரலைச் சொல்லியே பள்ளிக்கூடத்தில் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு வலித்தது, அதை நான் இங்கிருந்து மறுக்க முடியாது. பையனிடம் சொன்னேன்: ஏழாவது சீசனில் அப்பு குடியுரிமைத் தேர்வு எழுதும் எபிசோட் வரும், அதைக் கவனித்துப் பார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டதும் அப்பு வரலாற்றையே விரிக்கத் தொடங்குவான்; அடிமைமுறை என்று மட்டும் சொல்லித் தொலை என்பார் கேட்கிறவர். எழுதியவர்கள் அவனை மதித்த இடம் அது. ஒன்பதில் வரும் கல்யாண எபிசோட், ஹோமர் பிள்ளையார் வேஷம் போட்டுக்கொண்டு வருவது, நம் மூட்டையில் இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஆங்கிலம் அவனுக்குப் பெரிய தொந்தரவாக இருக்காது, ஆனால் சப்டைட்டிலை அணைக்காதே என்றேன். பர்ன்ஸ் பேசுவது நூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம். லிசா பேசுவது அகராதி. ஹோமரின் 'டோ!' மட்டும் யாருக்கும் புரியும். வசனத் தாளில் அதை 'எரிச்சலில் ஒரு முனகல்' என்றுதான் எழுதுவார்களாம், 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. இன்னொரு எச்சரிக்கையும் சொன்னேன். பழைய எபிசோடுகள் கிட்டத்தட்டச் சதுரமான டிவிக்காக வரைந்தவை. 2019-ல் டிஸ்னி ப்ளஸ் அதை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிப் போட்டது, அடுத்த வருஷம் சரி செய்தது. வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காட்சி போதும். பீர் ஆலையில் சாதா, லைட், டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள் இருக்கும். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்து வருகிறது. மேலே வெட்டிவிட்டால் குழாய் போச்சு, ஜோக்கும் போச்சு. போனில் அகலமாகத் தெரிந்தால் சந்தோஷப்படாதே, செட்டிங்கைப் பார் என்றேன்.

முதல் மூட்டையில் இரண்டாவது சீசன் முழுசும், இடம் மிச்சமிருந்த மூன்றில் முதல் சீசனின் கிறிஸ்துமஸ் எபிசோடும், மோனோரயிலும், ஒரு பேய்க்கதையும். மோனோரயில் வரிசைக்கு முன்னாலேயே வருகிறதே என்று கேட்டான். உங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டடா என்றேன். அக்கா வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஈமு வளர்த்தவர் ஒருவர் இருக்கிறார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி போன் வந்தது, பேசியது பையன் இல்லை, அக்கா. பூண்டு உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளாம். இரண்டாவது சீசனில் லிசாவின் வகுப்புக்குக் கொஞ்ச நாளைக்கு என்று ஒரு வாத்தியார் வருவாரே, அந்த எபிசோட். அந்த வீட்டில் லிசா பேசுவதைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் கிடையாது. அவர் ஒருத்தர்தான் புரிந்துகொள்வார். வேலை முடிந்து அவர் ரயிலேறும்போது, உனக்கு ஆளே இல்லை என்று தோன்றும்போது இதைப் பார் என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். ரயில் போனபிறகு அவள் பிரித்துப் பார்ப்பாள்.

அக்காவுக்கு அந்த ஆங்கில எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. என்னடா எழுதியிருக்கு என்று மகனைக் கேட்டிருக்கிறாள். 'நீதான் லிசா சிம்ப்சன்'னு எழுதியிருக்கும்மா என்று சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா, அந்தப் புள்ளைக்கு அவ பேரு தெரியாதா?" என்று என்னிடம் கேட்டாள் அக்கா. நான் விளக்க வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பி, "அந்த இடத்தை இன்னொருக்கா போடு சாமி" என்றாள் மகனிடம். போனை வைக்க மறந்துவிட்டாள். ரயில் கிளம்பும் சத்தம் எனக்கும் கேட்டது.